மணி தவறாத ரயில்கள்

அந்த மருத்துவமனைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது டாக்டர் அல்ல, ஒரு பலகை. இரண்டு ஆள் உயரம். பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து: ‘மருந்துப் பக்கவிளைவு ஒன்றுகூட இல்லாமல் கடந்த நாட்கள்’. அதற்குக் கீழே நான்கு கொக்கிகள். கொக்கிகளில் தகரத்தில் வெட்டிய எண்கள். தினமும் காலை எட்டு மணிக்குக் காவலாளி ஏணி போட்டு ஏறி, நேற்றைய எண்ணைக் கழற்றி இன்றைய எண்ணை மாட்டுவார். இந்தக் கதை தொடங்குகிற அன்று 993 தொங்கியது. நான்காவது கொக்கி ஆயிரத்துக்காக வாயைப் பிளந்து காத்திருந்தது.

இத்தனை நாளில் ஒரே ஒருவருக்குக்கூட மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை என்றால், ஒன்று அங்கே மாத்திரையே கொடுத்திருக்க மாட்டார்கள், அல்லது கொடுத்தது சுண்ணாம்பாக இருக்கும். இரண்டும் இல்லை. ரகசியம் ஒரு படிவத்தில் இருந்தது.

பக்கவிளைவை யாராவது கண்டுபிடித்தால் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். பதினெட்டுக் கட்டங்கள். அதில் பதினான்காவது கட்டம், ‘தீங்கு விளைவித்த மருந்தை எழுதிய மருத்துவரின் கையொப்பம்’. தலைமை மருத்துவர் ஒருநாள் குளிக்கும்போது தானே யோசித்துச் சேர்த்தது. “பொறுப்புணர்வு வேணும்ல?” என்றார். அந்தக் கட்டம் அச்சான நாளிலிருந்து பக்கவிளைவு என்கிற சமாசாரமே ஊரைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டது. உடம்பெல்லாம் தடித்தால் கொசு. மயங்கி விழுந்தால் தரை வழுக்கல். வயிறு எரிந்தால் வீட்டுச் சாப்பாடு. பேச்சுக் குழறினால், பாவம், சுபாவமே அப்படி.

இந்தப் படிவங்களைச் சேகரிப்பதற்கென்றே ஒரு மருந்தாளுநர் இருந்தார். நாற்பத்தைந்து வயது. தரைக்குக் கீழே, சலவை அறைக்கும் ஆக்சிஜன் உருளைகள் அடுக்கிய அறைக்கும் நடுவில் அவருடைய அறை. வாசலில் தகரப் பெட்டி ஒன்று, படிவம் போட. அதைத் திறந்தால் உள்ளே குடியிருந்த சிலந்தி எட்டிப் பார்த்து, “யாரு வேணும்?” என்று கேட்காத குறைதான். மூன்று தலைமுறையாக அங்கேதான் இருக்கிறது. மாதக் கடைசியில் மருந்தாளுநர் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு பூஜ்யம் போட்டு மேலே அனுப்புவார். அதனால் நர்ஸ்கள் அவருக்கு வைத்த பெயர் பூஜ்யம் அக்கா.

அவர் முயற்சியே செய்யவில்லை என்று சொன்னால் பாவம் சுற்றும். முதல் வருடம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் பின்னால் ஓடினார். ஒருவருக்குப் பேனாவைப் பார்த்ததும் தொலைபேசி அழைப்பு வந்தது. ஒருவர் மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். இன்னொருவர் கையில் சுளுக்கு என்று மூன்று நாள் விடுப்பே எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அக்கா ஓடவில்லை.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு அவர் ஆண்கள் வார்டுக்குப் போனது, அவசர மருந்துப் பெட்டியில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. பெட்டியைத் திறந்து ஊசி மருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. வார்டின் ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு! வடக்கு நோக்கிச் செல்லும் விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும்!”

ஆறாம் படுக்கைக்காரர் காலை மடக்கிக்கொண்டார். யாரையோ பார்க்க வந்திருந்த மாமியார் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார்.

குரல் பத்தாம் படுக்கையிலிருந்து வந்தது. எழுபது வயதுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரை ஒலிவாங்கி மாதிரி வாயருகே பிடித்திருந்தார். கை வெடவெடவென்று நடுங்கியது. கண் எங்கோ தண்டவாளத்தில் இருந்தது. ரயில் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்துவிட்டது, அதை எடுக்க வேண்டும் என்று வந்தவர். வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. நகம் இன்னும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“எத்தனை நாளா இப்படி?” என்று அக்கா நர்ஸிடம் கேட்டார்.

“ஒரு வாரமா. மறதி நோயாம். மனநல டாக்டர் சான்றிதழ் எழுதிட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வெளியில இருக்கிற மறதி இல்லத்துக்கு அனுப்பறாங்க.”

ஒன்பதாம் படுக்கையிலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. அங்கே படுத்திருந்தவர் பஸ் டிரைவர். கால் முறிந்து, மாவுக்கட்டோடு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“மேடம், ஒரு நிமிஷம். நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். ரயில்காரங்களைப் பத்தி நல்ல வார்த்தை சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா இவரு ரயில் ஒரு நிமிஷம் லேட்டாகறதில்ல. அதுதான் எனக்கு இடிக்குது.”

“என்ன இடிக்குது?”

டிரைவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். தொங்குகிற காலோடு வேறு வேலை இல்லாததால் பத்தாம் படுக்கையில் வந்த ரயில்களையெல்லாம் நேரத்தோடு குறித்து வைத்திருந்தார். காலை ஒன்பது, பிற்பகல் மூன்று, இரவு ஒன்பது. ஏழு நாளும் அதே மூன்று ரயில்.

“புத்தி கலங்கினவன் கண்ட நேரத்துல கத்துவான். இவரு மாத்திரை முழுங்கி ஒரு மணி நேரத்துல கத்தறாரு. நடுவுல என்கிட்ட நல்லாத்தான் பேசறாரு. நேத்து என் டிரைவிங்கையே குறை சொன்னாருன்னா பாருங்களேன், எவ்வளவு தெளிவு!” டிரைவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். “போன செவ்வாய்க்கிழமை மட்டும் மூணு மணி ரயில் வரல. நானும் நாலு மணி வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். ரத்து போலிருக்கு.”

அக்காவின் கையில் இருந்த ஊசிமருந்து அப்படியே நின்றது. போன செவ்வாய்க்கிழமை மதியம் மருந்துக் கிடங்கில் ஒரு மஞ்சள் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மாலைதான் வந்தது. கை நடுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரை. அது தீர்ந்துபோனதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதியவரே அவர்தான்.

“அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்கண்ணே.”

“பத்திரம் மேடம். அடுத்த ரயில் மூணு மணிக்கு.”

பத்து மணிக்கு அறிவிப்பாளரின் மனைவி வந்தார். ஒல்லியான உடம்பு, கூர்மையான வாய். கணவரின் கன்னத்தைத் துடைத்து, தலையைச் சீவிவிட்டு, ஒரு பழைய பவுடர் டப்பாவைத் திறந்து சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து அவர் வாயில் போட்டார்.

“அம்மா, அது என்ன?” என்றார் அக்கா.

“இவருக்கு ஆறு வருஷமா குடுக்கற பிரஷர் மாத்திரை, தாயி.”

“இங்க வந்தப்புறமுமா?”

“உங்க பெரிய டாக்டர்தான் சொன்னாரு. முதல் நாளே டப்பாவைக் காட்டினேன். என்னான்னு பார்க்கக்கூட இல்ல. ‘எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது’ன்னாரு. நான் எதையும் நிறுத்தல.”

அக்கா டப்பாவுக்குள் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு படுக்கையின் காலில் தொங்கிய சீட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி அட்டை. மறுபடி சீட்டு. தலைமை மருத்துவர் முதல் நாள் எழுதிய ரோஸ் நிற மாத்திரையும் இந்த வெள்ளை மாத்திரையும் ஒரே மருந்து. கம்பெனி வேறு, நிறம் வேறு, பெயர் வேறு. நகம் எடுக்கிற கத்தியைப் பார்த்து அன்றைக்கு அறிவிப்பாளருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. கத்தியைப் பார்த்தால் யாருக்கும்தான் ஏறும். தலைமை மருத்துவர் உடனே மாத்திரை எழுதிவிட்டார். அதிலிருந்து பத்தாம் படுக்கைக்கு அந்த மருந்து இரட்டைப் பங்குதான்.

சீட்டை அக்கா முதலிலிருந்து படித்தார். மூன்றாம் நாள்: நோயாளிக்குத் தலை சுற்றுகிறது, காது டாக்டர் வந்து தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதினார். பன்னிரண்டாம் நாள்: கை நடுங்குகிறது, நரம்பு டாக்டர் வந்து நடுக்கத்துக்கு மஞ்சள் மாத்திரை எழுதினார். பதினைந்தாம் நாள்: நோயாளிக்கு ரயில் தெரிகிறது, மனநல டாக்டர் வந்து தூக்க மாத்திரையும் மறதி நோய்ச் சான்றிதழும் எழுதினார். ரத்த அழுத்தம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் தலைமை மருத்துவரின் கையெழுத்தில், ‘அருமை! பதினாறு வயதுப் பையன் மாதிரி!’

நகம் டாக்டர் மட்டும் வரவே இல்லை. ஒவ்வொரு நாளும், ‘நோயாளி பலவீனமாக இருப்பதால் ஒத்திவைக்கப்பட்டது.’

“என்ன தாயி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றார் மனைவி. “அந்த இல்லத்துல மாசத்துக்கு ஒரு தரம்தான் பார்க்க விடுவாங்களாம். நாற்பத்தாறு வருஷமா இந்த மனுஷன் சத்தத்துல எனக்குக் காது பாதி போச்சு. மீதி காது அதைக் கேட்காம எப்படித் தூங்கும்?”

“அம்மா, அந்த வெள்ளை மாத்திரையை நாளையிலிருந்து குடுக்காதீங்க. மத்ததை நிறுத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. அதிகாரம் இருக்கிறவங்களைப் போய்ப் பார்க்கறேன்.”

அறைக்குப் போய் ஒரு படிவத்தை எடுத்துத் தூசியைத் தட்டினார். தூசி இறங்க ஐந்து நிமிடம் ஆனது. பதினான்காவது கட்டத்தைப் பார்த்தார். இதில் கையெழுத்து வாங்க முடியாது என்பது சிலந்திக்கே தெரியும். அப்போதுதான் அதற்குக் கீழே இருந்த பதினைந்தாவது கட்டம் முதல்முறையாக அவர் கண்ணில் பட்டது. ‘சாட்சி மருத்துவர்கள்’. எத்தனை பேர் வேண்டுமானாலும் போடலாம்.

முதலில் மனநல டாக்டர். அக்கா நோட்டைக் காட்டினார். டாக்டர் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். சான்றிதழ் எழுதியவர் இவர்தான் என்பதால் அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“டாக்டர், நரம்பு டாக்டரோட மஞ்சள் மாத்திரையாலதான் இவருக்கு ரயில் வருதோன்னு...”

“நரம்பா?” மனநல டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நரம்பு டாக்டர் போன மாதம் இவர் காரை நிறுத்துகிற நிழலைப் பிடித்துக்கொண்டவர். “வயசானவங்களுக்கு அதைக் குடுத்தா ரயில் என்ன, கப்பலே தெரியும். நான் அப்பவே நினைச்சேன்! எங்க கையெழுத்து? சாட்சிதானே? கொண்டாங்க.”

பேனா ஒரே இழுப்பில் ஓடியது.

அடுத்து அக்கா நரம்பு டாக்டரின் அறைக்குப் போனார். தன் மாத்திரையைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. “என் மாத்திரைமேல தப்புச் சொல்லாதீங்க. கை நடுங்கிச்சு, குடுத்தேன். கை ஏன் நடுங்கிச்சுன்னு கேளுங்க! காதுக்காரர் எழுதின தலைசுற்றல் மாத்திரையை இந்த வயசுல தினம் குடுத்தா நடுங்காம என்ன செய்யும்? காது பார்க்கறவருக்கு நரம்பு எங்க தெரியப்போகுது!” சாட்சிக் கட்டத்தில் கையெழுத்து. அடிக்கோடு வேறு.

காது டாக்டர் சிரித்தார். “நான் என்னம்மா பண்ணுவேன்? அவரு ரத்த அழுத்தம் படிக்கட்டுல உருண்டு கீழ கிடந்துச்சு. தலை சுத்தத்தானே செய்யும்? அழுத்தத்தை அப்படித் தள்ளிவிட்டவங்களைப் போய்க் கேளுங்க. நான் சாட்சி சொல்றேன். யாரு அந்த மாத்திரை எழுதினது?”

“தலைமை மருத்துவர்.”

காது டாக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. ஆனால் கையெழுத்தின் முதல் பாதி ஏற்கெனவே விழுந்துவிட்டது. மீதியைப் போடாமல் விட்டால் அசிங்கமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு போட்டார்.

ஆக, ஒருவர்கூடத் தன் மாத்திரையைக் குற்றம் சொல்லவில்லை. ஆளாளுக்குப் பக்கத்து ஆளின் மாத்திரையைக் காட்டிக்கொடுத்தார்கள். அப்படியே பின்னால் பின்னால் போய், வண்டி கிளம்பிய இடத்தில் தலைமை மருத்துவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் அறையில் விழாவுக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆயிரமாவது நாள். வெளியிலிருந்து தரச் சான்றுக் குழு வருகிறது. பொன்னாடை எந்த நிறம் என்பதில் அவருக்குப் பெரிய குழப்பம். அக்கா படிவத்தை நீட்டியதும் படித்தார். இன்னொரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்து மாறியிருக்குமோ என்று மூன்றாம் முறையும் படித்தார்.

“இதைக் குடுத்தா பலகை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

“இதைக் குடுக்காட்டி அந்த மனுஷன் என்ன ஆவார்னு யோசிச்சேன், சார்.”

“சரி. நாம ரெண்டு பேரும் படிச்சவங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “எல்லா மாத்திரையையும் இன்னிக்கே நிறுத்தறேன். சீட்டுல என்ன எழுதணும்னும் எனக்குத் தெரியும்.” எழுதினார்: ‘மாத்திரைகள் அனைத்தும் தம் பணியைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டதால் படிப்படியாக ஓய்வளிக்கப்படுகின்றன.’ எழுதியதைத் தள்ளி வைத்து ரசித்தார். “ஆனா அந்தப் படிவம் உங்க டிராயரை விட்டு வெளிய வரக் கூடாது.”

“மறதிச் சான்றிதழ், சார்?”

“விழா நல்லபடியா முடியட்டும், கிழிச்சுடலாம். அந்த இல்லத்து வண்டியை அன்னிக்குச் சாயங்காலத்துக்கு மாத்திச் சொல்லிடறேன். அது வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும். உங்க படிவம் உங்க டிராயர்ல, என் சான்றிதழ் என் டிராயர்ல. வாக்குக் குடுங்க.”

அக்காவுக்கு நாக்கு கசந்தது. பத்தாம் படுக்கையின் கன்னத்தைத் துடைத்த அந்த ஒல்லிக் கை ஞாபகத்துக்கு வந்தது. “டிராயரை விட்டு வெளிய எடுக்க மாட்டேன், சார்” என்றார்.

மாத்திரைகள் ஓய்வு பெற்றன. முதல் நாள் ரயில் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. டிரைவர் உற்சாகத்தில் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாம் நாள் மூன்றில் ஒன்றுதான் வந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வார்டு முழுக்கப் பத்தாம் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் டம்ளரை எடுத்தார். தண்ணீரைக் குடித்தார். “ஏன் எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?” என்றார்.

மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஒண்ணுமில்ல. ஷேவ் பண்ணிக்கல நீங்க” என்று அதட்டினார்.

கை நடுக்கம் மட்டும் போகவில்லை. அதற்கு இன்னும் பல நாள் ஆகும் என்றார் அக்கா. வியாழக்கிழமை அவர் பெட்டி பார்க்க வந்தபோது அறிவிப்பாளர் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“எனக்கு ஒரு வாரம் காணாமப் போச்சும்மா. எங்க போச்சுன்னு தெரியணும். எந்த மாத்திரை முதல்ல கிளம்புச்சு, எங்கெங்க நின்னுச்சு, ஒவ்வொண்ணா சொல்லு.”

அக்கா சொன்னார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நாளும் நேரமும் மட்டும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

“இதே மாதிரி வேற யாருக்காவது ஓடிக்கிட்டிருக்கா?”

அக்கா அதையும் சொன்னார். பெண்கள் வார்டில் ஒரு பாட்டி இரண்டு நாளாகக் கூரையில் கோழி மேய்க்கிறார் என்று நர்ஸ்கள் காலையில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டிக்கும் மஞ்சள் மாத்திரைதான். நரம்பு டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, “படிவம் இருக்கா?” என்றார் அவர். இல்லை என்றதும், “அப்ப பக்கவிளைவு இல்லை” என்றார்.

வெள்ளிக்கிழமை பலகையில் 1000 ஏறியது. காவலாளி ஏணியிலிருந்து இறங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். கூடத்தில் நாற்காலிகள், மேடை, ஒலிபெருக்கி. தரச் சான்றுக் குழுவில் மூன்று பேர். தலைவி அறுபது வயது அம்மாள். ஒரு சொல் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர்கள் முன்வரிசை. டிரைவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, மாவுக்கட்டுக் காலை முன்னால் பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டு தள்ளி வந்திருந்தார்கள். அறிவிப்பாளரும் மனைவியும் மூட்டை முடிச்சோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழ் கிழிந்ததும் வீடு. கிழியாவிட்டால் சாயங்காலம் வாசலுக்கு மறதி இல்லத்து வண்டி வரும்.

தலைமை மருத்துவர் நாற்பது நிமிடம் பேசினார். பலகையைப் பற்றி, பொறுப்புணர்வைப் பற்றி, பெரும்பாலும் தன்னைப் பற்றி. கடைசியில், முன்பே யோசிக்காத ஒரு காரியம் செய்தார்.

“கடுமையான மறதி நோயோட வந்த ஒரு பெரியவரை ஏழே நாள்ல குணப்படுத்தியிருக்கோம். ஐயா, மேடைக்கு வாங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

முப்பத்தாறு வருடம் ஒலிவாங்கியோடு குடித்தனம் நடத்தியவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

அறிவிப்பாளர் நொண்டிக்கொண்டே ஏறினார். நகம் இன்னும் உள்ளேதான். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு!”

கூடம் உறைந்தது. மனைவி மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“தலைமை மருத்துவர் அறையிலிருந்து புறப்பட்டு, தலைசுற்றல், கைநடுக்கம் வழியாக மனநலப் பிரிவு வரை செல்லும் மாத்திரை விரைவு வண்டி, திங்கட்கிழமை முதல் ரத்து செய்யப்பட்டுள்ளது. இவ்வண்டி ஒரே மருந்தை இரண்டு பெயரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியதே விபத்துக்குக் காரணம். இதே தடத்தில் பெண்கள் வார்டிலிருந்து இன்னொரு வண்டி ஓடிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. அதில் பயணம் செய்யும் பாட்டியை உடனே இறக்கிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. ஏற்பட்ட சிரமத்திற்கு நிர்வாகம் வருந்துவதாகத் தகவல் இல்லை. நன்றி.”

“பாவம்!” தலைமை மருத்துவர் பாய்ந்து வந்தார். “பார்த்தீங்களா மேடம், மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு. வந்து வந்து போகும் இது.” முன்வரிசையைப் பார்த்தார். “டாக்டர், ஒரு ஊசி போடுங்க. வண்டியையும் வரச் சொல்லுங்க.”

மனநல டாக்டர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். “நான் ஊசி எழுதினா அடுத்து யாரு சாட்சி போடுவாங்கன்னு எனக்குத் தெரியும், சார்” என்றார். நரம்பு டாக்டரின் கையும் பைக்குள் போனது. காது டாக்டரின் கை ஏற்கெனவே உள்ளே இருந்தது.

குழுத் தலைவி முதல்முறையாக வாயைத் திறந்தார். “ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?”

“வெள்ளி, அம்மா. பத்தரைக்குத் தொடங்கவேண்டிய விழா ஐம்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. காரணம் அறிவிக்கப்படவில்லை.”

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இவரு எங்க எல்லாரையும் விடத் தெளிவா இருக்காரே. என்ன சாட்சி? எந்தப் படிவம்?”

தலைமை மருத்துவர் அக்காவைப் பார்த்தார். ‘வாக்கு’ என்று உதடு அசைந்தது. அக்கா எழுந்து கூடத்தை விட்டு வெளியே போனார். தலைமை மருத்துவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் அக்கா திரும்பி வந்தார். இடுப்பில் குழந்தையைத் தூக்கிவைத்த மாதிரி ஒரு மர டிராயரைத் தூக்கி வைத்திருந்தார். குண்டூசி டப்பா, உடைந்த ஸ்கேல், பழைய முத்திரை எல்லாம் உள்ளே குலுங்கின. சிலந்தியும் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு மூலையில் தொற்றிக்கொண்டு வந்திருந்தது.

“டிராயரை விட்டு வெளிய எடுக்க மாட்டேன்னு சாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், மேடம். அதனால நீங்களே குனிஞ்சு படிச்சுக்கோங்க.”

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிராயருக்குள் குனிந்து பதினெட்டுக் கட்டத்தையும் படித்தார். அக்கா திருப்பிக் கொடுத்திருந்த பள்ளிக்கூட நோட்டை டிரைவரும் கைமாற்றி அனுப்பினார்.

“மூணு சாட்சி இருக்கு. பதினாலாவது கட்டம் காலியா இருக்கே. இந்தக் கட்டத்தை யாரு போட்டது?”

கூடத்தில் இருந்த தலையெல்லாம் ஒரே பக்கம் திரும்பியது.

“நல்ல கட்டம். பொறுப்புணர்வு வேணும்ல? கையெழுத்துப் போடுங்க, டாக்டர்.”

தலைமை மருத்துவரின் சட்டைப் பையில் ஐந்து பேனா இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். ஐந்தும் எழுதவில்லை. ஒன்றில் மூடியே கழலவில்லை. அறிவிப்பாளர் தன் நடுங்குகிற கையால் ஒரு பேனாவை நீட்டினார். இன்னொரு கையில் ஒலிவாங்கி இருந்தது.

“பதினான்காவது கட்டத்திற்கு வரவேண்டிய கையொப்பம், ஆயிரம் நாள் தாமதமாக, இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்.”

வந்து சேர்ந்தது.

மறதிச் சான்றிதழைத் தலைவியே கேட்டு வாங்கிக் கிழித்தார். துண்டுகளை மனைவி பொறுக்கி எண்ணிப் பார்த்து, இன்னும் இரண்டு தரம் கிழித்துப் பவுடர் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். பெண்கள் வார்டுக்கு நரம்பு டாக்டர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், இப்படி ஓடுகிறவருக்குக் கார் எதற்கு, அதை நிறுத்த அந்த நிழல்தான் எதற்கு என்றார்கள்.

வெளியே காவலாளி ஏணியைச் சாத்திக்கொண்டு தலையைச் சொறிந்தார். “மேடம், இப்ப என்ன நம்பர் மாட்டறது?”

“பூஜ்யம், அண்ணே.”

“அட, சுலபமாப் போச்சு. பூஜ்யம் மூணு ஏற்கெனவே தொங்குது. அந்த ஒண்ணை மட்டும் கழட்டினாப் போதும்.” கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். அந்தக் கட்டடத்தில் அவ்வளவு குறைந்த உழைப்பில் ஓர் உண்மை அதற்கு முன் சொல்லப்பட்டதில்லை.

அறிவிப்பாளரும் மனைவியும் வாசலைத் தாண்டினார்கள். ஒருவர் நொண்ட, ஒருவர் மூட்டையோடு. அக்கா பின்னாலேயே ஓடினார்.

“அம்மா! நகம்? நகத்தை எடுக்கவே இல்லையே!”

“வேண்டாம் தாயி. எங்க வீட்ல நகவெட்டி இருக்கு” என்றார் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.

மறுநாள் காலை அக்கா அறைக்கு வந்தபோது, சிலந்தி வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்தது. தகரப் பெட்டிக்குள் இடம் இல்லை. ஒரே ராத்திரியில் பதினேழு படிவங்கள் வந்து விழுந்திருந்தன. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். காது டாக்டர் நரம்பு டாக்டரின் மருந்தைப் பற்றி எழுதியிருந்தார். நரம்பு டாக்டர் மனநல டாக்டரைப் பற்றி. மனநல டாக்டர் எல்லாரையும் பற்றி. ஒருவர்கூடத் தன்னைப் பற்றி எழுதவில்லை.

ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். அத்தனையும் உண்மை.